காலை வாரியவரின் ஆங்கிலம்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து பரீட்சைக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "புல்லிங் யுவர் லெக் என்றால் விளையாட்டாகக் கேலி செய்வது." எங்கள் வில்லாபுரம் வீட்டு அடுக்களைவரை கேட்டது. பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அந்தத் தொடரைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் மதுரை நூல் கம்பெனி ஒன்றில் நாம் இருவரும் டைப்பிஸ்ட். நான் நிரந்தரம், நீ தற்காலிகம். "இங்கிலீஷை இம்ப்ரூவ் பண்ணும்மா, பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார் மேனேஜர். அவரை நம்பி ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்று வாங்கினாய். சாப்பாட்டு வேளையில் சேர்ந்து படிப்போம். மழை நாயும் பூனையுமாகப் பெய்யும் என்று வந்தபோது, "எங்க சமயநல்லூர்ல தூத்தலுக்கே வழியக் காணோம், அவுகளுக்கு நாயும் பூனையுமாக் கொட்டுதாக்கும்" என்றாய். இந்த 'புல்லிங் யுவர் லெக்' வந்ததும், "காலை வாருறது அவுகளுக்கு வெளையாட்டாம்டி" என்று சிரித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து உனக்கு வேலை வந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும், "எங்கயும் போயிராத, அடுத்த மாசம் நீ பெர்மனென்ட்" என்றார். நீ அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அடுத்த மாதம் நிரந்தரமானவள் அவருடைய மச்சினர் மகள். நீ போய்க் கேட்டாய். "ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்" என்றார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. கல்யாணமாகாத இரண்டு தங்கைகளை வைத்திருந்தவளின் பிழைப்பு அந்த மனிதருக்கு விளையாட்டு.

"யெஸ் சார், யூ புல்ட் மை லெக். ஐ ஃபெல் டவுன்" என்றாய்.

ஆபீஸே சிரித்தது. "அதுக்கு ஜோக்குன்னு அர்த்தம்மா. இதுகூடத் தெரியலை, ஒன்னைய எப்படிப் பெர்மனென்ட் பண்றது?" என்றார் அவர்.

உனக்கா தெரியாது? அவருடைய ஆங்கிலத்தையே எடுத்து, நம் ஊர் அர்த்தத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் எழுந்து, "அவளுக்கு அர்த்தம் தெரியும் சார்" என்றேன். "நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றார். செய்த துரோகத்தை விட்டுவிட்டு உன் இங்கிலீஷைத் திருத்தினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

ரிட்டயர் ஆகும்வரை அந்த ஆள் இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார். போகப்போக நீயும் சிரிக்கப் பழகிவிட்டாய். "விடுடி, இம்புட்டுக் கோவம் ஒடம்புக்கு ஆகாது" என்று என்னைத்தான் சமாதானப்படுத்துவாய். கடைசிவரை நீ தற்காலிகம்தான். உன் கோபத்தை நீ இறக்கி வைத்துவிட்டாய். அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். கீழே போடுவதாக இல்லை.