பேனா ஸ்டாண்டில் இருந்த மூன்றாவது பிஸ்டன்

முதலில் என் கண்ணில் பட்டது மூன்று புள்ளிகள்தான், அண்ணா. பாடி மேம்பாலத்துக்குக் கீழே உள்ள ஓர் உதிரிபாகக் கடை. மேசைமேல் ஒரு பழைய பிஸ்டனைத் தலைகீழாக நிறுத்தி, அதற்குள் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் உள்பக்கம், விளிம்பை ஒட்டி, மெரூன் நிறத்தில் மூன்று புள்ளிகள்.

அது என் நெயில் பாலிஷ். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா ஆட்டத்துக்கு வாங்கியது. மேடைக்குப் பயந்து அன்று நான் போகவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. ஆட்டத்துக்கு ஆகாத நெயில் பாலிஷை நீ லாரி எஞ்சினுக்கு எடுத்துக்கொண்டாய்.

எஞ்சினைப் பிரித்த அன்று ஆறு பிஸ்டன்களையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தோம். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று மாறிப்போகக் கூடாது. முதலாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு என்று வைக்கச் சொன்னாய். ஆறாவது முடிந்தபோது சீசா காலி.

"வண்டிக்கு மருதாணி வச்சாச்சுடி. இனிமே மாப்ள பாக்க வேண்டியதுதான்" என்றாய்.

அந்த லாரியைச் சென்னீர்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில், வெட்டப்போகிற நேரத்தில் பார்த்து வாங்கி வந்தாய். முன்னால் மூக்கு நீண்ட வண்டி. நூம்பலில் நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இழுத்து வந்து நிறுத்தியபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய காலத்துக் கதையைப் படமாக எடுப்பவர்களுக்கு இப்படி ஒரு வண்டி வேண்டும், ஓடுகிற வண்டி யாரிடமும் இல்லை, நம்மிடம் இருந்தால் வரிசையில் நிற்பார்கள் என்று அவளைச் சமாதானப்படுத்தினாய். வெளி ஆட்களிடம் வாயே வராத என்னிடம் வேறொன்று சொன்னாய்.

"லாரி ஓட்றதுக்கு இன்னாத்துக்குடி பேச்சு? ஹாரன் கீது இல்ல, அது பேசும். உனக்குப் பதினெட்டு ஆவட்டும்."

ஏன் படிக்கப் போகவில்லை என்று கேட்காதவன் நீ ஒருவன்தான். அந்த ஸ்டியரிங்கைத் தவிர எனக்கென்று யாரும் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

மூன்றாவது பிஸ்டன் மட்டும் வெடித்திருந்தது. சாம்பிள் இல்லாமல் போனால் கடைக்காரன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்று அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாய். வெறுங்கையோடு திரும்பி வந்து, "ஆர்டர் போட்டாச்சு. அடுத்த வாரம் வந்துடும்" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அதைத்தான் சொன்னாய். அம்மா சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதிப் போட்டாள். போதகர் ஐயர் அதை எடுத்து, கல்யாணத் தடை, மூட்டு வலிக்கு நடுவில், "சகோதரியின் மகனுக்கு லாரி பிஸ்டன் கிடைக்கும்படியாக" என்று படித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நீ தலையை நிமிர்த்தவே இல்லை. சிரிப்பை அடக்குகிறாய் என்று நினைத்தேன்.

காய்ச்சல் என்று படுத்த ஒன்பதாம் நாள் போய்விட்டாய். எந்தக் கடையில் ஆர்டர் போட்டாய் என்று கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து மாதமாக அந்தக் கடையைத்தான் தேடினேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். "என் அண்ணன் இங்கே பிஸ்டன் ஆர்டர் கொடுத்தாரா?" என்று தாளில் எழுதி, உன் படத்தையும் லாரியின் படத்தையும் போனில் காட்டுவேன். "மியூசியத்துல கேளும்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் நான் ஊமை என்று நினைத்துக் கையாலேயே இல்லை என்றார். இதற்கிடையில் மனைக்காரர் கல் நட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் வண்டி நகர வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி எடுத்துப்போக ஆள் வரும். அதற்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. "சாமான் வந்துகினு கீதுங்க" என்றுதான் அம்மா அவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாடிக் கடைக்காரர் என் தாளைப் படித்துவிட்டு, "இன்னாம்மா, வாய வாடகைக்கு உட்டுட்டியா?" என்றார். நான் பேனா ஸ்டாண்டைக் காட்டினேன்.

"அதுவா? ஒரு பையன் குடுத்த சாம்பிள். கண்ணு, இந்த எஞ்சின் பிளாக்கோட ஓட்டைய கடைசி சைஸ் வரைக்கும் கடைஞ்சு பெருசாக்கிட்டானுங்க, இந்த சைஸ்ல பிஸ்டன் செய்றவன் இப்ப ஒருத்தனும் இல்லன்னு மொத நாளே சொல்லிட்டேன். கேட்டானா? வாரத்துக்கு ஒரு தபா வந்துடுவான். எனக்கும் சேத்து டீ சொல்லுவான். 'அண்ணாத்தே, வந்துச்சா?'ம்பான். ஆர்டரே போடல, எதுரா வரும்னா, சிரிச்சிகினே போய்டுவான்." போனில் உன் படத்தைப் பார்த்தார். "ஆமா, இவன்தான். எங்க ஆளையே காணோம்? என்மேல கோவமா?"

"அண்ணன் செத்துட்டாருங்க" என்றேன்.

ஐந்து மாதத்தில் எந்தக் கடையிலும் நான் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

அவர் பேனா ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பனியன் துணியால் பிஸ்டனை உள்ளும் வெளியும் துடைத்தார். "தெரியாம பேனா போட்டுட்டேம்மா" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். இத்தனை கனம் என்று மறந்திருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம்தான், அண்ணா. பிஸ்டன் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே சபையில் எங்கள் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருந்தாய்? ஆனால் வாராவாரம் அங்கே போய்க் கேட்டாயே, அதை யாருக்காகச் செய்தாய்? நாங்கள்தான் உன்னைப் பார்க்கவில்லையே. வேலப்பஞ்சாவடி வந்ததும் இறங்கினேன்.

வீட்டுக்குள் போகாமல் நேராக லாரியிடம் போனேன். சாக்கைப் பிரித்து, இரண்டு புள்ளிக்கும் நான்கு புள்ளிக்கும் நடுவில் அதை வைத்தேன். வரிசை நிறைந்தது. உடைந்த பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அதைத் திருப்பி வைத்தேன்.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஞாயிறு. மடிமேல் நோட்டு, நோட்டின்மேல் ஜெபக் குறிப்புச் சீட்டு.

"கடையக் கண்டுபுடிச்சியா?"

தலையாட்டினேன்.

"அப்ப இந்த வாரம் எழுதட்டுமா, வேணாமா?"

"எழுதும்மா" என்றேன். "அண்ணன் ஆர்டர் போட்டுதான் வச்சிருக்கான். அடுத்த வாரம் வந்துடும்."