மூன்றாவது சுற்றுக்கு என் தீர்ப்பு

நேற்று மருத்துவமனையில் எடை பார்க்கும் தராசில் ஏறச் சொன்னார்கள். முள் எழுபத்தொன்பதில் நின்றது. "நல்லாக் கொறஞ்சிருக்குதுங்களே சார்" என்று நர்ஸ் பெண் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. எழுபத்தொன்பது என்பது உன் எடை. அதை நீ ஒரே காலையில் எண்பத்தொன்றுக்கு மேல் ஏற்றிக் காட்டியது ஞாபகம் வந்து, இறங்க மறந்து அப்படியே நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலக்கோட்டில் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டி. அதில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனால்தான் எனக்குப் போலீஸ் வேலைக்கு வழி. வயது வரம்பில் அதுவே கடைசி வருஷம். தவறினால் ஆயுளுக்கும் தக்காளி மண்டியில் கூடை சுமக்க வேண்டியதுதான். ஆனால் எண்பத்தொரு கிலோவுக்கு மேற்பட்ட ஹெவிவெயிட் பிரிவுக்கு என்னைத் தவிர ஒருவனும் பெயர் கொடுக்கவில்லை. போட்டி நடத்தியவர் கையை விரித்துவிட்டார்.

"எதிராளி இல்லாம உன்னைய எப்படிப்பா அனுப்பறது? சண்டை போட்டு ஜெயிச்சவனத்தான் அனுப்புவோம்."

நீ எனக்கு அடுத்த கீழ்ப்பிரிவு. அதில் உன்னை அடிக்க அங்கே ஆளே கிடையாது. ஏரியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவன், விஷயத்தைக் கேட்டதும் மைதானத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாய். கேழ்வரகுக் களி உருண்டை உருண்டையாக உள்ளே போனது. அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர். நான் தடுத்துப் பார்த்தேன்.

"எனக்கு எங்கப்பன் வெச்ச நெலம் இருக்குதுடா. உனக்கு என்னா இருக்குது? பேசாம அந்தக் கொழம்ப இப்படித் தள்ளு" என்றாய்.

மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்த மூட்டைத் தராசில் ஏறினாய். எண்பத்தொன்றைத் தாண்டிவிட்டாய். போட்டி நடத்தியவர் உன் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எடையை எழுதிக்கொண்டார். கையுறை கட்டும்போது என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"பாவம் பாத்து அடிக்க மாட்டேன். அப்படி அடிச்சா நடுவருங்க கண்டுபுடிச்சு ரெண்டு பேரையும் தொரத்திருவாங்க. நான் நெசமாவே அடிப்பேன். நீ நெசமாவே ஜெயி."

முதல் சுற்றை என் தாடை இன்னும் மறக்கவில்லை. உன் இடது கை வந்து தொட்டது, தொட்ட இடத்தில் வலது கை இறங்கியது. நான் வீசியதெல்லாம் காற்றில் போனது. என் அடியில் பலம் இருந்து என்ன பிரயோஜனம், நீ படவிட்டால்தானே! ஒரு குத்தில் கயிற்றின்மேல் போய் விழுந்தேன். நடுவர் எட்டு வரை எண்ணினார். எழுந்து உன் கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆள் அதில் இல்லை. இவன் எனக்காக வந்தவனா, என் பிழைப்பைப் பறிக்க வந்தவனா என்று பயந்தேன். சத்தியமாகப் பயந்தேன்.

இரண்டாவது சுற்று என்னுடையது. இதை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய். சுற்றிச் சுற்றி ஆடிய உன் கால்கள் கனத்துவிட்டன. நின்று சண்டை போட ஆரம்பித்தாய், நின்று போட்டால் எனக்குத்தான் லாபம். உடம்பால் நெருக்கி மூலைக்குத் தள்ளினேன். மார்பிலும் தோளிலும் நன்றாக விழுந்தன. வயிற்றை மட்டும் நான் தொடவில்லை. அது எனக்காகத் தின்ற களி அல்லவா. இடைவேளையில் எதிர்மூலையிலிருந்து நீ கத்தினாய்: "வயித்த எதுக்குடா வுடற? அடிடா!" கூட்டம் சிரித்தது.

மூன்றாவது சுற்றில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மணி அடிக்கப் போகும் நேரம். நீ முன்னால் வந்தாய். அதுவரை விலாவோடு ஒட்டியிருந்த உன் வலது முழங்கை விலகியது. அந்த இடம் அப்படியே திறந்து கிடந்தது. எதற்கும் உதவாத என் இடது கை, நான் நினைப்பதற்குள் அங்கே போய் இறங்கிவிட்டது. நீ முட்டி போட்டு உட்கார்ந்தாய். எழுந்தாய், ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் என் பக்கம்.

வேலை கிடைத்தது. ஆனால் அந்த முழங்கை என்னை விடவில்லை. நீயாகவே விலக்கினாயா? ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் ஒகேனக்கல்லில் இதைத்தான் கேட்பேன். மீன் வறுவலைப் பிய்த்துக்கொண்டே, "இன்னொரு பிளேட்டு சொல்லு, யோசிச்சுச் சொல்றேன்" என்பாய். நான் சொல்வேன். நீ யோசித்ததே இல்லை. காக்கிச் சட்டையை மாட்டும் ஒவ்வொரு நாளும், இது நான் ஜெயித்ததா, நீ போட்ட பிச்சையா என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் காரியத்தன்று உன் மனைவியிடம் கேட்டேவிட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு அவர் சிரித்துவிட்டார்.

"விட்டுக்குடுத்தாரா? அவரா? நல்லாக் கேட்டீங்க போங்க. 'முடிச்சிரலாம்னு வலது கைய ஓங்குனேன், அந்தப் பாவி அந்த எடது கைய எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தானோ'ன்னு கடைசி வரைக்கும் பொலம்புனாருங்க. 'அவங்கிட்ட சொல்லிராத, அப்புறம் மீனு வாங்கித் தர மாட்டான்'னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாரு."

நேற்று அந்தத் தராசின்மேல் நின்றபடியே வலது கையை ஓங்கிப் பார்த்தேன். முழங்கை தானாக விலகியது. ஓங்கினால் விலகத்தானே செய்யும்! இது இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை. நர்ஸ் பெண் பயந்து போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

ஆகையால் என் தீர்ப்பைக் கேட்டுக்கொள். முதல் சுற்று உனக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நீ ஜெயிக்க வந்தாய், நான் ஜெயித்தேன். எனக்காகக் களி தின்றவன் எனக்காகத் தோற்கவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு எவனும் செய்ததில்லை, திருட்டுப் பயலே. நீ தின்ற மீனையெல்லாம் மன்னித்தேன்.

இப்போது நானும் எழுபத்தொன்பது. நீ களி தின்ன வேண்டியதில்லை, தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. ஆனால் பார், மறுபடியும் என் பிரிவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். எதிராளி இல்லை.