கடைசிப் பக்கம் இல்லாத படக்கதை

கொட்டாஞ்சேனை
12.03.1997

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் குறைந்ததா? நான் நலம்.

தோட்டத்து லயத்து வீட்டில் நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய, பறக்கும் முகமூடி வீரனின் படக்கதை பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. வரும் வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த ஆமிக்காரர், தமிழ் எழுத்தைக் கண்டதும் முகம் இறுகி, "மே மொக்கத்த?" என்று, இது என்னவென்று கேட்டார்.

"சித்திர கதா" என்றேன்.

நின்றபடியே எல்லாப் படங்களையும் பார்த்தார். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது. திருடன் பிடிபட்டானா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கும் மறந்துவிட்டது, ஆனாலும் "ஓம், பிடிபட்டான்" என்றேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவுக்கு என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அனுப்புங்கள். அந்தக் கதையின் முடிவையும் எழுதுங்கள். சுருக்க வேண்டாம், குரல் மாற்றிச் சொல்வீர்களே, அப்படியே எழுதுங்கள். நான் வேலை செய்யும் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பாக்கியலெட்சுமி