அப்பா பரப்பிய மணல்

தர்சன்,

சோறு குக்கரில், கத்தரிக்காய்ப் பாற்கறி சட்டியில் இருக்கிறது. அப்பாவைக் காணவில்லை என்று பதறாதே. பூனை ஒன்றைக் கூட்டிவரத் தெல்தோட்டைக்குப் போயிருக்கிறார்.

கண்டிச் செம்மண் தன் அந்தஸ்துக்குப் போதாதென்று, யாழ்ப்பாணத்து முற்றம்போல வாசலெல்லாம் மணல் பரப்பினார் அல்லவா? அதில் பூனைப்பீயைக் கண்ட அன்றே பக்கத்து வீட்டு அனீஸா அக்காவை மதிலடிக்குக் கூப்பிட்டு, ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளருக்குரிய குரலில் சுகாதாரம் பற்றி ஒரு விரிவுரையே நடத்தினார். "சரி சேர், இனி வராது" என்று மட்டும் சொன்ன அந்தப் பிள்ளை, தன் பூனையைத் தெல்தோட்டையிலுள்ள உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று காலையில் பார்த்தால், மணலில் ஊர்ப் பூனைகள் வரிசையாகக் குந்தியிருக்கின்றன.

"றஞ்சனா, அந்தப் பிள்ளையின்ர பூனையிலை பிழையில்லை. ஊர்ப் பூனையளுக்கெல்லாம் நான்தான் கக்கூசு கட்டிக் குடுத்திருக்கிறன்" என்று கதிரையில் இருந்தவர், தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பிறகு மரக்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் வந்ததும் சிரித்துவிடாதே. மனுசன் நொந்துபோயிருக்கிறார்.

அம்மா

பி.கு.: மணலை அள்ள ஆள் வரும். கேற்றைத் திறந்துவிடு.

இன்னுமொன்று: இப்போதுதான் போன் எடுத்தார். அவரைக் கண்டதும் பூனை அலுமாரிக்குக் கீழே புகுந்துவிட்டதாம். அனீஸா அக்காவின் குரல் கேட்டால்தான் வெளியே வருமாம். "தர்சனை அனுப்பி, அந்தப் பிள்ளையைப் போனிலை பூனையோட ரெண்டு வார்த்தை கதைக்கச் சொல்லும்" என்கிறார். நீ போகாதே. அனீஸாவின் நம்பரை அவருக்கே கொடுத்துவிட்டேன். பூனையோடு அவள் கதைப்பதற்கு முதல், அவளோடு அவர் கதைக்கட்டும்.