பூண்டு வாசனை வந்த ஊசி

அண்ணா,

இப்போதுதான் பூண்டு உரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரலெல்லாம் அந்த வாசனை. ஸ்ரீரங்கத்தில் நம் ஆத்துக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை. இருந்தும் இது மூக்கில் ஏறினால் எனக்கு உன் முகம்தான் வருகிறது.

கால் அரிப்புக்கென்று ஊர் சுற்றுகிற ஒருவனிடம் சிவப்புப் பொடி வாங்கி, வெல்லத்தில் வைத்து விழுங்கினாய். அத்தனையும் பாதரசம், பாவி! முகம் வீங்கி, சிறுநீர் குறைந்த பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். அங்கே உனக்குப் போட்ட ஊசியே ஊருக்குப் புதிது.

"பயப்படாதீங்க. இந்த ஊசி பாதரசத்தைப் பிடிச்சு வெளியில கொண்டுபோயிடும், கிட்னி தப்பிச்சுக்கும்" என்றார் டாக்டர். "ஆனா முழுசாப் போட்டுக்கணும், நடுவுல நிறுத்திடாதீங்க. மூச்சுல பூண்டு மாதிரி வாசனை வரும். அது மருந்தோட வாசனைதான்." அப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

வீக்கம் வடிந்தது. மிச்ச ஊசிக்கு ஆத்திலிருந்தே போய் வரலாம் என்று அனுப்பினார்கள். ஊசி போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, உன் நெற்றித் திருமண்ணைப் பார்த்துக் கண்டக்டர் சிரித்தான். "என்ன சாமி, இன்னிக்குப் பூண்டு ரசமா? பலே!" நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியவன், பாலம் தாண்டியும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆத்தில் அதைவிட மோசம். உன்னைக் கொல்லைக் கொட்டகையில் படுக்கச் சொன்னார் அப்பா.

"இந்த நாத்தத்தோட பெருமாளுக்குப் பூஜை பண்ற உள் பக்கம் வராதே."

"அப்பா, அது மருந்து வாசனை. டாக்டர் சொன்னப்போ நீங்களும் கேட்டுண்டுதானே இருந்தேள்!" என்று கத்தினேன்.

"வாயை மூடுடி. டாக்டர் ஆயிரம் சொல்லுவார். ஆசாரம் அவருக்கு என்ன தெரியும்?"

அவரை விடு. நீ என்ன செய்தாய்? அந்த வைகுண்ட ஏகாதசிக்குத்தான் முதல்முறையாக உன்னைக் கோயில் கோஷ்டியில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து பாசுரம் சேவிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். "இந்த வாயோட எப்படிடி நிப்பேன்? ஏகாதசி கழியட்டும், மிச்சத்தைப் போட்டுக்கறேன்" என்றாய். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். பாதரசம் ஏகாதசி பார்த்தா காத்திருக்கும்? ஊசி நின்றது, மூச்சு சுத்தமாயிற்று. கொல்லையிலிருந்து உள்ளே வந்தாய். கோஷ்டியில் நின்று கணீரென்று சேவித்தாய். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி வீங்கிற்று. அப்புறம் சிறுநீரே இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதே டாக்டர், "ஏங்க நிறுத்துனீங்க?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். கடைசியாக உன் வாயருகே குனிந்தேன். துளசி மட்டும்தான் மணத்தது. அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை, அண்ணா. அவர்மேலும்தான், உன்மேலும்தான். கல்யாணமாகி உறையூருக்கு வந்து தனிக்குடித்தனம் வைத்த அன்றே பூண்டு வாங்கினேன். தினமும் ரசத்தில் தட்டிப் போடுகிறேன். அப்பா கடைசிவரை என் வீட்டில் கை நனைக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கையை இன்னும் கழுவவில்லை. உன் மூச்சில் இந்த வாசனை இருந்தவரைக்கும் நீ பிழைத்துக்கொண்டிருந்தாய்.