நடராஜ் அண்ணாச்சியின் நல்ல நடிப்பு

மார்ச் 4
வீட்டின் முதல் பட்டதாரி நான். எம்.காம். வேலை: கதாநாயகனின் சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது. அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டுமாம். அம்மா ஆழ்வார்குறிச்சி முழுக்க ‘சினிமாவுல ஆபீசர்’ என்று சொல்லிவிட்டாள்.

படம், மனம் உடைந்துபோகும் ஒருவனைப் பற்றியது. இயக்குநர் பாக்கியசீலன் சார் இதுவரை எடுத்ததெல்லாம் கல்யாண வீடியோ. அதிலும் சிலர் உடைந்துதான் போயிருப்பார்கள். நடிப்பது நடராஜ் அண்ணாச்சி, நாடகக்காரர், பாவம்.

மார்ச் 7
மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை போட்டால்தான் அண்ணாச்சிக்குத் தூக்கம். சார் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். தூங்கினால் முகம் தெளிந்துவிடுகிறதாம், கதைக்கு ஆகாதாம். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பொத்தானைப் பார்த்தேன்.

மார்ச் 9
அண்ணாச்சி சாப்பிடவில்லை. விளக்குக் கம்பத்திடம் நியாயம் கேட்கிறார். ‘என்னா நடிப்பு’ என்கிறார்கள். கேமரா ஓடாதபோது யாருக்கு நடிக்கிறார்?

மார்ச் 10
அம்பாசமுத்திரம் படித்துறை. அழும் காட்சி. அண்ணாச்சி அழுதார், அழுதுகொண்டே இருந்தார். உடம்பெல்லாம் நடுக்கம். கூட்டக் காட்சிக்குப் பிடித்துவந்த பெண்கள், சாமி வந்துவிட்டதென்று குலவையிட்டார்கள். ஆறுமுகத்தாய் என்றொரு அம்மா காலில் விழுந்து மகளுக்கு எப்போது கல்யாணம் என்று குறி கேட்டாள். சார் கேமராக்காரரிடம், “நிறுத்தாதலே, ஓடட்டும்” என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “தாயி, எனக்கு நிறுத்தத் தெரியலியே.”

“கட்.”

நான்தான் சொன்னேனா? கேமரா நின்றுவிட்டது. யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய பயல்கள்.

“நீ யாரு கட் சொல்ல?” என்றார் சார்.

“மாத்திரையைக் குடுங்க சார்.” குரல் கீச்சென்று வந்தது. வரட்டும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிடித்துக்கொள்ள ஆறுமுகத்தாயும் வந்தாள். வழியெல்லாம், “கார்த்திகைக்குள்ள நடக்குமா சாமி?”

மார்ச் 11
வேலை போயிற்று. ஆபீசர் ராஜினாமா செய்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேல— திட்டு இன்னும் ஓடுகிறது. அதற்குக் கட் சொல்ல முடியாது.

மார்ச் 19
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. அண்ணாச்சி என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அவர் மனைவி பிரம்மநாயகி அக்கா காப்பி கொடுத்தார். சாரைப் பற்றி ஆரம்பித்தேன். ஆட்டோ, குறி, அம்மாவின் வசை என்று நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலைக் காட்டி என் கையை அழுத்தினார்.

“கொஞ்சம் பேசாம இரு தாயி. தூங்குதாவ.”

என்னைப் பார்த்து ஒருவர் ‘பேசாம இரு’ என்று சொல்வது இதுதான் முதல் முறை.