ரத்னம்மாவை எழுதச் சொன்னது நான்தான்

என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்ட அன்பு ஜெயந்திக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். தம்பி பெண்டாட்டி செத்த பிறகும் அவள்மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன்னை எடுத்த அன்று ஊரிகம் சுரங்க லைன் வீடுகளுக்கு நடுவில் நிற்க இடமில்லை. கார்மென்ட்ஸ் ஃபேக்டரிப் பெண்கள் லீவு போட்டுவிட்டு வந்து அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, நான் செத்தால் இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன்.

உன்னை அந்த வேலைக்குக் கூட்டிப்போனது யார்? நான். யூனியன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடப் பயந்து நின்றவள் கையில் பேனாவைத் திணித்தது யார்? அதுவும் நான்தான். இரண்டே வருஷத்தில் உன்னைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? என் பக்கத்து மிஷின்காரி கூட உனக்குத்தான் கை தூக்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாய். அதைச் சாப்பிட நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? குழம்பு நன்றாக வேறு இருந்தது.

நீ ஆரம்பித்து வைத்த பழக்கம் இன்னும் நடக்கிறது. காலையில் பெங்களூர் போகும் வண்டியில் நம் பெண்கள் எல்லோரும் ஒரே பெட்டி. பங்காருப்பேட்டையில் சூப்பர்வைசர்கள் ஏறிவிடுவார்கள் என்பதால், யாருக்கு என்ன குறை இருந்தாலும் அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் சீரியல் கதைதான். இப்போது உனக்குப் பதிலாகக் கமிட்டி மெம்பர் நான். இந்தத் தடவை என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆனாலும் எதைப் பேசினாலும் "ஜெயந்தி இருந்தா" என்றுதான் தொடங்குகிறார்கள்.

போன மாதம் ரத்னம்மாவுக்கு சார்ஜ்ஷீட் வந்தது. உனக்குத் தெரியும், காலர் தைக்கிற தெலுங்குக்காரி, அதிர்ந்து பேசாதவள். டாய்லெட் போய் வர நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கேவலமாகத் திட்ட, அன்றைக்குத் திருப்பிக் கேட்டுவிட்டாள். மேலதிகாரியை அவமதித்தாள் என்று எழுதி சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? சம்பந்தப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதிகாரி அறைக்குள் காலை வைக்கமாட்டாய். விசாரணைக்கு முன்னால் எதையும் எழுதிக் கொடுக்க விடமாட்டாய். அங்கே ஒரு வாய் டீ கூடக் குடிக்கமாட்டாய். எச்.ஆர். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது இதெல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும் போனேன். நாற்காலி போட்டார். டீ வந்தது.

"ஜெயந்தின்னா எதுக்கெடுத்தாலும் சண்டைதான். நீங்க அப்படி இல்ல மேடம், பக்குவமா பேசறீங்க," என்றார்.

ஜெயந்தி, எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. உன்னைவிட நான் மேல் என்று ஒருவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் மறுநாளே ரத்னம்மாவை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜெயந்தியாலும் முடியாததை மல்லிகா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் என்று பெட்டி முழுக்கப் பேசுவார்கள் என நினைத்து மனசு துள்ளியது.

அன்று சாயங்காலமே பக்கத்தில் பாலகாட் லைனில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன்.

"நான் தப்பே பண்லியேக்கா. இன்னான்னு எழுதறது?" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எழுதும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

எழுதினாள். ஒரு வாரத்தில் டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. குற்றத்தை அவளே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால் விசாரணை தேவையில்லையாம். அதிகாரியிடம் ஓடினேன். அப்படி எந்த வாக்கும் தான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை உட்காரக் கூடச் சொல்லவில்லை.

லேபர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். கடிதத்தை ஆசை காட்டி வாங்கினார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால்தான் நிற்கும் என்கிறார் யூனியன் வக்கீல். அந்தச் சாட்சி நான் ஒருத்திதான். பெட்டியிலோ, ரத்னம்மா பயந்துபோய்த் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டே ஏறினேன். பங்காருப்பேட்டை வரும், சூப்பர்வைசர்கள் ஏறுவார்கள், எனக்கு அப்பாடா என்றிருக்கும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் வண்டி ஊரிகத்தை விட்டு நகர்ந்ததுமே சொல்லிவிட்டேன். என் பக்கத்து மிஷின்காரி சரோஜா மட்டும் வாயைத் திறந்தாள்.

"ஜெயந்தி இருந்திருந்தா அந்த லெட்டர் போயிருக்காது."

உண்மைதான். உண்மை என்றால் வலிக்காதா?

அன்று திரும்பியதும் நேராக ரத்னம்மாவிடம் போனேன். "இத்தினி நாளா ஏம்மா என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஜெயந்தி அக்கா சொல்லிக்கீறாங்க. கமிட்டி ஆளு தப்பே பண்ணாலும் வெளிய காட்டிக் குடுக்கக் கூடாது, நம்பளே உக்கார வெச்சிக் கேக்கணும்னு. நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்க்கா."

பார்த்தாயா? என் மானத்தைக் காப்பாற்றியதும் நீதான். அங்கேயும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். அவள் வாசலில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

திங்கட்கிழமை லேபர் ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள். வாக்குமூலத்தை நேற்று நானே எழுதினேன். வக்கீல் கொஞ்சம் மழுப்பிவிடலாம் என்றார், நான் விடவில்லை. தனியாக உள்ளே போனது நான், புகழ்ச்சியில் மயங்கியது நான், ரத்னம்மாவை எழுதச் சொன்னது நான் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு கமிட்டி என்னை வைத்துக்கொள்ளுமா? கம்பெனிதான் வைத்துக்கொள்ளுமா? அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? ஒன்றும் தெரியவில்லை.

பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன், அது பொய்யாகிவிடும். வேறொரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை அந்த எச்.ஆர். அதிகாரியின் எதிரில், ரத்னம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை நானே உரக்கப் படிப்பேன். முழுசாக இரண்டு பக்கம், ஜெயந்தி. அதில் எங்கேயும் உன் பெயர் இல்லை.

இப்படிக்கு,
உன் புருஷனுக்கு அக்கா, உனக்கு அண்ணி,
மல்லிகா